தொடாமல் வைத்திருந்த வீடு

மார்ச் 9

தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். போனில் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் போன தடவை கூப்பிட்டபோது நீ "ம்" என்றாய், நான் "ம்" என்றேன், அதற்குமேல் இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. கடிதமென்றால் நடுவில் எவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாலும் எதிராளிக்குத் தெரியாது.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அண்ணன் போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. இது கம்பெனி வீடு. லிஃப்ட் மெக்கானிக்குக் கொடுத்த வீடு. மெக்கானிக் இல்லையென்றால் அடுத்த மெக்கானிக்குக் கொடுத்தாக வேண்டுமாம். ஏப்ரல் முடிவதற்குள் சாவியை ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள். தன்மையாகத்தான் சொன்னார்கள். நானும் தன்மையாகத் தலையாட்டினேன்.

அன்றைக்குக் காலையில் வேலைக்குக் கிளம்பியவர் வேலையிடத்திலேயே விழுந்துவிட்டார். அவர் எப்படிப் போட்டுவிட்டுப் போனாரோ, வீட்டை அப்படியே வைத்திருக்கிறேன். ஒன்றையும் தொடவில்லை. ஏதோ பெரிய பக்தி என்று நினைத்துவிடாதே. கை போகவில்லை, அவ்வளவுதான். ஹாலில் ஓர் ஓரமாகப் படுத்துக்கொள்கிறேன். சாப்பாட்டை வேலைசெய்கிற ஓட்டலிலேயே முடித்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.

அழுகையும் வரவில்லை. பக்கத்து வீட்டம்மா தினமும் வந்து, "அழுதுடுங்க, உள்ள வச்சுக்காதீங்க" என்கிறார். உள்ளே ஒன்றும் இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? மரத்துப்போன காலை ஊன்றி நடப்பதுபோல இருக்கிறது. வலியும் இல்லை, தரையும் தெரியவில்லை.

நீ ஊரார் வீட்டையெல்லாம் உள்ளது உள்ளபடி படமெடுக்கிறவன். காலி செய்வதற்கு முன்னால் இந்த வீட்டையும் எடுத்துக் கொடு. அவர் இருந்துவிட்டு எழுந்துபோன வீடாக எடு. பாத்திரம் பண்டமெல்லாம் போனால் போகட்டும், அது ஒன்று எனக்கு வேண்டும். முன்பு நீ இங்கே எடுத்த படத்தால் என்ன ஆனது என்று நான் மறக்கவில்லை. இருந்தும் கேட்கிறேன்.

அண்ணி

மார்ச் 16

அண்ணிக்கு,

பதில் எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே சண்டை வந்துவிடுகிறது. கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்ப ஆரம்பிக்கிறேன். இதிலும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் எந்த வீட்டுக்கும் சொல்லிவிட்டுப் போவதில்லை. நாளைச் சொன்னால் ஜனங்கள் வீட்டைக் கழுவித் துடைத்து, இல்லாத பூச்சாடியைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி வைத்துவிடுவார்கள். அப்புறம் நகரத்தில் எல்லா வீடும் ஒரே வீடு. "எப்போதாவது வருவேன், அப்போது கதவைத் திறந்தால் போதும்" என்றுதான் எல்லோரிடமும் பேசிவைப்பேன். உங்களிடம் அதைக்கூடச் சொல்லாமல்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தேன். சொந்த அண்ணன் வீடுதானே என்ற தைரியம்.

அண்ணன் பனியனோடு தரையில் உட்கார்ந்திருந்தார். படுக்கை விரிப்பின்மேல் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தார். கழுவிய தட்டு இல்லாததால் பாத்திரத்தின் மூடியில் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சுற்றிலும் மடிக்காத துணி. என்னைப் பார்த்ததும் வாயில் சாப்பாட்டோடு சிரித்தார். நான் எடுத்ததில் அதைவிட நல்ல படம் கிடையாது. கண்காட்சியில் நடுச்சுவரில் மாட்டினேன். அவருடைய மேலதிகாரி குடும்பத்தோடு வந்து பார்ப்பார் என்று கனவா கண்டேன்? "லிஃப்ட்டை மட்டும்தான் சுத்தமா வச்சிருப்பீங்க போல" என்று நாலு பேர் முன்னால் அந்த ஆள் கேட்டிருக்கிறார். அண்ணன் நேரே என்னிடம் வந்தார். "நம்ம வீட்டைச் சந்தி சிரிக்க வச்சிட்டியேடா" என்றார். அவர் கண்ணெதிரிலேயே எல்லாப் படத்தையும் அழித்தேன், ஒன்றுகூட மிச்சமில்லை. அதற்குப் பிறகும் மூன்று வருடம் பேசவில்லை.

அவர் பேசாதது சரி. நீங்கள்? நான் பள்ளிக்கூடம் போகும்போது வீட்டுக்கு வந்தவர் நீங்கள். "இவன் எனக்குப் பிள்ளை மாதிரி" என்று எல்லோரிடமும் சொல்வீர்கள். ஒருநாள் வந்து கதவைத் தட்டோ தட்டென்று தட்டினேன். உள்ளே டிவி ஓடுகிற சத்தம் கேட்டது. யாரும் திறக்கவில்லை. அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

வந்து எடுக்கிறேன். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை. அதோடு, எனக்கும் அந்த வீட்டைப் பார்க்கவேண்டும். அவர் கடைசியாக எப்படி இருந்தார் என்றே எனக்குத் தெரியாது.

தம்பி

மார்ச் 20

தம்பிக்கு,

கதவைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். நீ தட்டியபோது உன் அண்ணன் கதவுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். நான் எழுந்தேன். வேண்டாம் என்று கையை நீட்டித் தடுத்தார். நீ படியிறங்கிப் போன பிறகு ஜன்னல் பக்கம் போய் நின்று பார்த்தார். "இளைச்சிட்டான்" என்றார். டிவியை நிறுத்தினார். எனக்கென்ன, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. உன்னிடம் பேசினால் அவர் முகம் தூக்குவார், பேசாவிட்டால் நீ. கூடக் குடியிருக்கிற முகத்துக்குத்தான் நான் பயந்தேன். அதற்கு என்னைத் திட்டிக்கொள்.

அன்றைக்கு வீடு அப்படிக் கிடந்ததற்கு அவர் மட்டும் காரணம் இல்லை. ஓட்டலில் என் வேலை என்ன என்று உனக்குத் தெரியுமா? முந்தின நாள் அந்த அறையில் ஒருவர் தூங்கினார், குளித்தார், தின்றார் என்பதற்கு அடையாளமே இல்லாமல் செய்வது. விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் சூப்பர்வைசர் பிரித்துப் போட்டுவிடுவார், மறுபடி இழுத்துச் செருக வேண்டும். பகலெல்லாம் அதைச் செய்துவிட்டு வந்தால், சொந்தத் துணியை மடிக்க எனக்கு மனசு வராது. உன் அண்ணன் ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. "அங்க ஓட்டல், இங்க வீடு" என்பார். அதற்காகவே அவரோடு குடித்தனம் பண்ணலாம்.

நீ வருகிற நாளை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடு. உன் தொழில்முறை தெரியும். ஆனால் எனக்கு ஷிப்ட் மாறி மாறி வரும், லீவு சொல்லியாக வேண்டும். பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு நீ திரும்பிப் போவது இன்னொரு தடவை வேண்டாம்.

இங்கே எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. தூசி மட்டும் ஏறுகிறது.

அண்ணி

மார்ச் 26

அண்ணிக்கு,

"இளைச்சிட்டான்" என்ற இடத்தைப் படித்துவிட்டு லென்ஸை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதில் அழுக்கே இல்லை.

ஏப்ரல் 3, வியாழக்கிழமை, காலையில் வருகிறேன். இதுவரை எந்த வீட்டுக்கும் நாள் குறித்துச் சொன்னதில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். போன தடவை சொல்லாமல் வந்து பட்டதே போதும். உங்கள் ஷிப்ட்டும் இருக்கிறது.

ஒரே ஒரு வேண்டுகோள். எதையும் நகர்த்தாதீர்கள். செருப்பைக்கூடக் காலால் ஒதுக்காதீர்கள். கொழுந்தன் வருகிறான் என்று டீ போடவும் வேண்டாம். நான் வந்து, எடுத்துவிட்டு, போய்விடுகிறேன். உங்களுக்குப் பேசத் தோன்றினால் பேசலாம்.

தம்பி

ஏப்ரல் 5

அண்ணிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். வேண்டாம் என்று சொல்லியும் டீ போட்டீர்கள். நன்றாக இருந்தது.

படங்களைப் பார்த்தேன். அவ்வளவு சரியாக வரவில்லை. அன்றைக்குக் கொஞ்சம் மேகமூட்டமாக இருந்ததல்லவா? ஜன்னலுக்கு எதிரே அந்த உயரமான கட்டடம் வேறு வெளிச்சத்தை மறைக்கிறது. இப்போதைக்கு அனுப்பும்படியாக ஒன்றும் இல்லை. பிறகு யோசித்து எழுதுகிறேன்.

நீங்கள் ரொம்ப மெலிந்திருக்கிறீர்கள். ஓட்டல் சாப்பாட்டை நம்பாமல் ஏதாவது சமைத்துச் சாப்பிடுங்கள். வீடு நன்றாக இருந்தது.

தம்பி

ஏப்ரல் 9

தம்பிக்கு,

மேகமூட்டமாம். அன்றைக்குக் கண்ணைக் கூசுகிற வெயில். நீ நெற்றியைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளேயே வந்தாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே.

நீ வாசலில் நின்ற நிற்பிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஒப்புக்கு இரண்டு தடவை காமிராவை அமுக்கினாய். டீயைக் குடித்தாய். போய்விட்டாய். நீ போன பிறகு உட்கார இடம் பார்த்தேன். எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் போல இருந்தது. அந்த வீட்டில் அப்படி ஒருநாளும் இருந்ததில்லை. அப்போதுதான் சுற்றிப் பார்த்தேன்.

கட்டிலில் விரிப்பு ஓட்டலில் இழுப்பதுபோல் இழுத்து நாலு பக்கமும் செருகியிருந்தது. துண்டு மூன்றாக மடித்துக் கால்மாட்டில் வைத்திருந்தது. டம்ளர்களெல்லாம் கழுவிக் கவிழ்த்து வரிசையாக இருந்தன. குப்பைக்கூடையில் புதுப் பை. குளியலறையில் புது சோப்பைப் பிரித்து, எழுத்து மேலே தெரிகிறமாதிரி வைத்திருந்தது. எல்லாம் என் கைவேலை. வேறு யார் வந்து செய்வார்கள்?

நீ வருவதற்கு முந்தின நாள் மதியம் வேலை முடிந்து வந்தேன். நாளைக்குத் தம்பி வருகிறான் என்று நினைத்தேன். அதைத்தான் நினைத்தேன், வேறொன்றும் நினைக்கவில்லை. கை அதுபாட்டுக்குப் போய்விட்டது. ஆள் வருகிறார் என்றால் அறையைத் தயார் செய்ய வேண்டும், இத்தனை வருடத்தில் கைக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். செய்தது எனக்குத் தெரியாது என்று சொன்னால் நம்புவாயா? ஆனால் எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அவர் தலையணை உறை வாளியில் ஊறிக்கொண்டிருந்தது. நான் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தேன். குப்பை வண்டி வந்ததும் நானே படியிறங்கிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். வண்டிக்காரர் நலமா என்று கேட்டார், நலம் என்றேன்.

காத்துக் காத்து வைத்திருந்ததை ஒரு மதியத்தில் துடைத்துவிட்டேன். யாரைத் திட்டுவது? என்னையே திட்டிப் பார்த்தேன். அதுவும் ஒட்டவில்லை, யாரையோ திட்டுகிற மாதிரி இருந்தது.

பழையபடி போட்டுப் பார்க்கலாம் என்று ஒரு தடவை முயற்சி செய்தேன். துண்டை நாற்காலிமேல் வீசினேன். நான் வீசினால் எப்படி விழுமோ அப்படித்தான் விழுந்தது. எடுத்து மடித்து வைத்துவிட்டேன்.

இனி நீ வரவேண்டாம். எடுப்பதற்கு இங்கே ஒன்றும் இல்லை.

அண்ணி

ஏப்ரல் 14

அண்ணிக்கு,

மேகமூட்டம் பொய்தான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் கதவைத் திறந்ததும், மாடி மாறி வந்துவிட்டேனோ என்று நினைத்தேன். பினாயில் வாசனை அடித்தது. நான் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள், "எடுத்துக்கோ தம்பி, ஒண்ணையும் தொடலை" என்றீர்கள். அதைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் நீங்கள் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. அங்கேயே உங்களை உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும். டீயைக் குடித்துவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

நீங்கள் உங்களையே திட்டிக்கொள்ள வேண்டாம். நாளைச் சொன்னால் வீடு போய்விடும் என்று தெரிந்தவன் நான். ஊரிலுள்ள அத்தனை வீட்டிலும் அதைக் காப்பாற்றினேன். ஒரு வீட்டில் மட்டும் விட்டுக்கொடுத்தேன். மரியாதை என்று நினைத்துச் செய்தேன். பயம் என்பதுதான் சரி. அண்ணன் உள்ளே இருந்துகொண்டு மறுபடியும் திட்டுவாரோ என்று பயந்தேன்போல. இல்லாத மனிதருக்குப் பயந்து உங்களுக்கு நாள் குறித்தேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். நான் உங்களுக்காக மட்டும் வரவில்லை. படமெடுக்கிற சாக்கில், அவர் இந்த மூன்று வருடம் எப்படி வாழ்ந்தார் என்று ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றிருந்தேன். எனக்கு அவர்மேல் கோபம் இன்னும் தீரவில்லை. போனவர்மேல் கோபப்பட்டு ஆகப்போவது என்ன? ஆனாலும் கோபம்தான். அதை வைத்துக்கொண்டு இப்போது என்ன செய்வதென்று தெரியவில்லை.

படம் இனி கிடையாது. ஆனால் நீங்கள் ஓர் அறையைப் பார்த்தே அங்கே தங்கியது எப்படிப்பட்ட ஆள் என்று சொல்லிவிடுவீர்களே. அந்த வீடு எப்படிக் கிடந்தது என்று எனக்கு எழுதுங்கள். வாசல் கதவிலிருந்து ஆரம்பியுங்கள். அவரை நல்லவராக்க வேண்டாம், அழுக்கையும் சேர்த்து எழுதுங்கள்.

தம்பி

ஏப்ரல் 29

தம்பிக்கு,

சாவியைக் கொடுத்துவிட்டேன். ஓட்டல் பெண்களுக்கான விடுதியில் ஒரு கட்டில் கிடைத்திருக்கிறது. அதில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கேட்டாயே, இந்தா.

கதவுக்கு உள்ளே வீட்டுச் செருப்பு. ஒன்று மிதியடிமேல், ஒன்று மேசைக்கு அடியில். நடந்துகொண்டே உதறுவார், அது எங்கே போய் விழுந்ததென்று திரும்பிப் பார்க்கமாட்டார். கதவுப் பிடியில் பிளாஸ்டிக் பைகள், பைக்குள் பை. எதற்கு என்றால், "இருக்கட்டும், சோறா கேக்குது?" என்பார். ஜன்னல் விளிம்பில் ஸ்க்ரூவும் வாஷரும். சட்டைப்பையில் இருப்பதை வந்ததும் அங்கேதான் கொட்டுவார். "இதெல்லாம் இங்க இருந்தா, லிஃப்ட் எதை வச்சு நிக்குது?" என்று கேட்பேன். நான் அதைக் கேட்டால் மட்டும் அவருக்குச் சிரிப்பு வராது.

நாற்காலிமேல் சட்டை, அதன்மேல் சட்டை, எல்லாவற்றுக்கும் மேல் துண்டு. அந்த நாற்காலியில் மனிதர் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கட்டிலில் அவர் பக்கத்துச் சுவரில் தலையெண்ணெய்க் கறை. அது இன்னும் இருக்கும், தேய்த்தும் போகவில்லை. தலையணைக்கு அடியில் மூக்குக்கண்ணாடி, ஒரு காலை நூலால் கட்டியது. புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளச் சொன்னால், இன்னொரு கால் ஒடியட்டும் என்பார். போர்வை முழுக்க என் பக்கம் கிடந்தது. அன்றைக்கு விடிந்ததும் குளிர்ந்தது, எனக்குப் போர்த்திவிட்டு எழுந்திருக்கிறார்.

அழுக்கையும் எழுதச் சொன்னாய். நகம் வெட்டினால் வெட்டின இடத்திலேயே விடுவார். குளியலறைக் கண்ணாடி முழுக்கச் சோப்புத் தெறிப்பு. முன்கோபம் வந்தால் அலமாரிக் கதவை அறைவார், அதனால் அதன் கீல் கழன்று தொங்கும். ஊர் லிஃப்ட்டையெல்லாம் சரிபண்ணினவர் அதைச் சரிபண்ணவே இல்லை.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் படத்துக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும் தட்டைக் கழுவிவிட்டுத்தான் சாப்பிடுவார். துணியையும் எடுத்து ஒரு மூலையில் அமுக்குவார். சட்டை வேறு போட்டுக்கொள்வார். ஏன் என்று கேட்டால், "எவனாவது காமிராவோட வந்து நின்னா?" என்பார். நீ வரமாட்டாய் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் கழுவுவார். கடைசி ஞாயிற்றுக்கிழமையும் கழுவினார். இதை உன்னிடம் சொன்னால் உனக்குக் கோபம் குறையுமா, கூடுமா என்று எனக்குத் தெரியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அடுத்தது சமையலறை. அன்றைக்குக் காலையில் டீ குடித்த டம்ளர். அதை எங்கே வைத்துவிட்டுப் போனார்? ஃப்ரிட்ஜ் மேலே வைப்பதுதான் வழக்கம், அதற்காகத்தான் எப்போதும் என்னிடம் பேச்சு வாங்குவார். என்னைக் குளிர்விக்க நினைத்தால் சிங்க்கில் போடுவார். அன்றைக்கு எங்கே? அத்தனை நாள் அதைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன். அந்த மதியம் எங்கிருந்தோ எடுத்துத்தானே கழுவினேன். ஃப்ரிட்ஜ் மேலே என்று எழுதினேன், அடித்துவிட்டேன். சிங்க் என்று எழுதினேன், அதுவும் இல்லை. எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை. இனி யாரைக் கேட்பது? அந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு அழுதேன். ஆளுக்கு வராத அழுகை டம்ளருக்கு வந்தது. வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. அறையில் கூட இருக்கிற பெண், புது இடம், பழகிவிடும் என்று முதுகைத் தடவிக்கொடுத்தாள். அவளிடம் போய் டம்ளர் கதையைச் சொல்லவா முடியும்? ஆமாம் என்றேன்.

அது போன வாரம். இந்தக் கடிதத்தை அப்படியே பாதியில் வைத்திருந்தேன்.

இன்றைக்குக் காலையில் ஓட்டலில் ஓர் அறைக்குப் போனேன். தங்கியிருந்தவர் கிளம்பிவிட்டார். ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. போர்வை பாதி தரையில் கிடந்தது. ஈரத் துண்டு கதவின்மேல். மேசையில் ஆரஞ்சுத் தோல், அதன் பக்கத்தில் அடியில் கொஞ்சம் தண்ணீரோடு ஒரு டம்ளர். நான் தள்ளுவண்டியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போய் நின்றேன். கை போகவில்லை. சூப்பர்வைசர் அந்தப் பக்கமாக வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, இன்னும் ஆரம்பிக்கலையா? அடுத்த ஆள் வந்துடுவாங்க."

"கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும் சார்" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

அண்ணி